துறைமுகம் தொடாத சரக்கு

ஆயுதத் தரகர் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது போஃபர்ஸ்தான். 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி போட்டு உடைத்தது. பிறகு மவுண்ட் ரோட்டிலிருந்து 'தி இந்து' ஆவணம் ஆவணமாக அச்சடித்துத் தள்ளியது. டீக்கடையில்கூட ஸ்விஸ் கணக்கைப் பற்றித்தான் பேச்சு. அன்றைக்கு நம் மனதில் பதிந்துபோன தரகர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று: கமிஷன் அடித்தார், நம் கஜானாப் பணம் போயிற்று. அதற்குப் பிறகு வந்த எல்லாப் பாதுகாப்புத் துறை ஊழல்களிலும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் வேறு. துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, சரக்கு நம் ராணுவத்துக்குத்தானே வந்தது. எவ்வளவு அடித்தான் என்று தெரிந்ததும் நம் ஆர்வம் வடிந்துவிடும்.

அந்தப் படத்தில் பாதி விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது வேலையின் கடைசிக் காலத்தில். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் நான். எல்.சி. (வாங்குபவர் சார்பில் வங்கி தரும் பண உத்தரவாதம்), இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல்காரர் தரும் ரசீது) என்றே ஆயுள் கழிந்தது. அதில் எனக்கு எப்போதும் சுவாரசியமாக இருந்தது மெர்ச்சன்டிங் டிரேட். சென்னையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி மியான்மரில் உளுந்து வாங்கி துபாய்க்காரருக்கு விற்பார். உளுந்து யாங்கூனில் ஏறி ஜெபல் அலியில் இறங்கும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் அதன் வாசனைகூடத் தெரியாது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருக்கும் லாபம் மட்டும் இந்தியாவுக்கு வரும். நான் வேலையில் இருந்தபோது ரிசர்வ் வங்கி இதற்கு வைத்திருந்த விதி இது. போகும் பணமும் வரும் பணமும் ஒரே வங்கி வழியாகப் போக வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் கணக்கு முடிய வேண்டும், வெளிநாட்டு வாங்குபவரின் உறுதியான ஆர்டர் கையில் இருக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில் கிடையாது, இறக்குமதிக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி கிடையாது. சுங்கத் துறையைப் பொறுத்தவரை அப்படி ஒரு வியாபாரம் நடக்கவே இல்லை. அந்த உளுந்து இருக்கிறது என்பதற்கு இந்த நாட்டில் ஒரே சாட்சி என் மேஜையில் கிடக்கும் காகிதம்.

அந்தக் காகிதமும் லேசுப்பட்டதல்ல. மெர்ச்சன்டிங்கில் 'ஸ்விட்ச் பி.எல்.' என்று ஒன்று உண்டு. முதலில் கொடுத்த பில் ஆஃப் லேடிங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சரக்கு அனுப்பியவர் பெயரை மாற்றி கப்பல் ஏஜென்ட் இன்னொன்று கொடுப்பார். உளுந்து யாரிடம் வாங்கியது என்று துபாய்க்காரருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை அவர் நேராக அங்கேயே போய்விடுவாரே. அதற்காகச் செய்வது. சட்டவிரோதம் இல்லை, உலகம் முழுக்க நடக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர், விற்பவன் சொன்ன விலை வாங்குபவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வாரே, அதே வித்தைதான். உளுந்துக்குச் செய்யலாம் என்றால் தோட்டாவுக்கும் செய்யலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது எழவே இல்லை. எழ வைத்தது ஒரு விமானம்.

புருலியா வழியாக மீனம்பாக்கம்

1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் ஒரு அன்டோனோவ்-26 விமானத்திலிருந்து பாராசூட்டில் பெட்டிகள் விழுந்தன. விடிந்ததும் வயலுக்குப் போனவர்கள் கண்டது ஏ.கே.47 ரகத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும். நூற்றுக்கணக்கில் துப்பாக்கி, லட்சக்கணக்கில் தோட்டா. கதையின் இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும். யாருக்காக, யார் சொல்லி, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று முப்பது வருடமாகச் சர்ச்சை ஓடுகிறது. அதற்குள் நான் போகவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த விமானம் போன வழி.

பெட்டிகளைப் போட்டுவிட்டு கொல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கிருந்து தாய்லாந்து போனார்கள். சில நாள் கழித்து அதே விமானத்தில், அதே ஆட்கள், கராச்சிக்குத் திரும்பும் வழியில் சென்னையில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டார்கள். நம் மீனம்பாக்கத்தில்! நாடு முழுக்கச் செய்தித்தாளில் புருலியா கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. நானும் இதே ஊரில் தினமும் பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில், அந்த ஓடுபாதையை ஒட்டிய தண்டவாளத்தில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சென்னையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் விமானப்படை அதை மறித்து மும்பையில் இறங்கவைத்தது. முக்கிய ஆளான கிம் டேவி மும்பை விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். டென்மார்க்காரர், உண்மைப் பெயர் நீல்ஸ் ஹோல்க். லாத்வியாவைச் சேர்ந்த ஐந்து விமானப் பணியாளர்களும் பீட்டர் பிளீச் என்ற பிரிட்டிஷ் ஆயுத வியாபாரியும் பிடிபட்டார்கள்.

இதில் எத்தனை நாடுகள் என்று எண்ணிப் பாருங்கள். ஆயுதம் பல்கேரியாவுடையது, பர்காஸில் ஏற்றியது. விமானம் லாத்வியாவில் வாங்கியது. பணத்தோடு வந்தவர் டென்மார்க்காரர். ஏற்பாடு செய்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் குடியிருந்தவர். ஆயுதம் யாருக்கு என்பதற்கான எண்ட் யூசர் சர்ட்டிபிகேட்டில் வங்கதேசத்தின் பெயர். வழியில் கராச்சி, வாரணாசி. விழுந்த இடம் இந்தியா. பல்கேரிய அதிகாரியைப் பொறுத்தவரை ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறைக்கு விற்றாயிற்று, காகிதம் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு மேஜையிலும் அந்தந்த மேஜைக்கு வேண்டிய காகிதம் இருந்திருக்கிறது. முழு வியாபாரத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும் மேஜை மட்டும் எங்கேயும் இல்லை.

பிளீச் விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்த ஆர்டர் யாரோ தீவிரவாதிகளுக்காக இருக்கும் என்று சந்தேகம் வந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னேன், அவர்களுக்காகத்தான் தொடர்ந்து உடன் இருந்தேன் என்பது அவருடைய வாதம். பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு முன்கூட்டியே தகவல் வந்தது உண்மை. டெல்லி அதைக் கொல்கத்தாவுக்குத் தபாலில் அனுப்பி, ஆயுதம் விழுந்த பிறகு தபால் போய்ச் சேர்ந்த கூத்தும் நடந்தது. (நம் அரசுத் தபாலின் வேகத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம்.) கொல்கத்தா நீதிமன்றம் பிளீச்சின் வாதத்தை ஏற்கவில்லை. 2000 தொடக்கத்தில் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ரஷ்யா கேட்டுக்கொண்டதால் விமானப் பணியாளர்கள் அந்த வருடமே வெளியே வந்தார்கள், பிளீச் 2004ல் வந்தார். டேவியை அனுப்ப டென்மார்க் நீதிமன்றம் 2011ல் மறுத்தது, 2024ல் மறுபடியும் மறுத்தது. இந்தியச் சிறையில் அவருக்குக் கொடுமை நேரலாம் என்று காரணம் சொன்னார்கள்.

இவையெல்லாம் செய்தி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பழைய பிரிட்டிஷ் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது வேறு. இந்தியாவில் ஆயுள் தண்டனைக்குரிய அந்த ஏற்பாடு வேலைக்கு, பிளீச் குடியிருந்த நாட்டில் 1995ல் எந்த லைசென்ஸும் தேவைப்பட்டிருக்கவில்லை. பல்கேரியாவில் வாங்கி ஆசியாவில் விற்கும் பேச்சை யார்க்‌ஷயரிலிருந்து தொலைபேசியில் நடத்துவதைத் தடுக்க அங்கே சட்டமே இல்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1939ல், உலகப் போர் தொடங்கிய கையோடு அவசரமாகப் போட்ட சட்டத்தை வைத்து அறுபது வருடம் ஓட்டினார்கள். ஆனால் அது பிரிட்டனின் கரையைத் தாண்டிப் போகும் சரக்கை மட்டும்தான் பார்த்தது. ஐ.நா. தடை போட்ட நாடாக இருந்தால் கதை வேறு, மற்றபடி இல்லை.

அந்த ஐ.நா. தடையிலும் ஓட்டை இருந்தது. 1994ல் ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருந்த வாரங்களில் மில்-டெக் என்ற நிறுவனம் அல்பேனியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, ஜயர் நாட்டு அகதி முகாமில் கைவிடப்பட்ட ஒரு பேருந்தில் அதன் இன்வாய்ஸ்கள் கிடைத்தன. கம்பெனி பதிவாகியிருந்தது ஐல் ஆஃப் மேன் தீவில். தடையை அமல்படுத்த பிரிட்டன் போட்ட உத்தரவில் அந்தத் தீவைச் சேர்க்க விட்டுப்போயிருந்தது. அங்கே எட்டு லட்சம் பேர் செத்தார்கள், இங்கே ஓர் உத்தரவின் அட்டவணையில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது.

மிலான் ஹோட்டல் அறை

பிரிட்டனோடு முடிந்துவிடும் கதை இல்லை இது. 2000 ஆகஸ்டில் மிலானுக்குப் பக்கத்தில் சினிசெல்லோ பால்சமோ என்ற ஊரில் ஒரு ஹோட்டல் அறைக்குள் போலீஸ் நுழைந்தது. எதிர்பார்த்துப் போனது போதைப்பொருளை. அதுவும் கிடைத்தது, கூடவே காகிதக் கட்டுகளும் கிடைத்தன. அறையில் இருந்தவர் லியோனிட் மினின், உக்ரைனில் பிறந்தவர். காகிதங்களை ஐ.நா. நிபுணர் குழு பிரித்து மேய்ந்தது. 1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதம் பர்கினா ஃபாஸோவுக்குப் போயிருக்கிறது, அந்த நாட்டின் எண்ட் யூசர் சர்ட்டிபிகேட்டோடு. அங்கே இறங்கிய சரக்கு மினினுடைய சொந்த விமானத்தில் ஏறி, தடை விதிக்கப்பட்டிருந்த லைபீரியாவுக்குப் பறந்தது. அங்கிருந்து சியரா லியோனில் குழந்தைகளின் கைகளை வெட்டிக்கொண்டிருந்த கும்பலுக்கு. அடுத்த வருடம் ஐவரி கோஸ்ட் பெயரில் 113 டன் தோட்டா.

ஆள் கையில், காகிதம் கையில், விமானத்தின் பதிவெண் கையில். இத்தாலியில் 1990லிருந்து ஆயுத வணிகத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் தண்டனை கிடைத்தது. ஆயுத வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கிடைத்த பதில்: ஆயுதங்கள் இத்தாலிய மண்ணைத் தொடவில்லை, ஆகவே எங்களுக்கு அதிகாரம் இல்லை. மனிதர் வெளியே வந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டம் சரக்கைப் பின்தொடரும்படி எழுதப்பட்டிருந்தால், சரக்கு இல்லாத இடத்தில் நீதிபதி என்ன செய்வார்? சரக்கும் ஆளும் கப்பலும் சேர்ந்து கையில் கிடைத்தாலே வழக்கு எப்படி இழுக்கும் என்பதை நாம் தூத்துக்குடியில் பார்த்தோம். 2013ல் பிடித்த 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பலில் இருந்த 35 பேருக்கும் கீழ்க் கோர்ட்டில் ஐந்து வருடம், 2017ல் மதுரைக் கிளையில் விடுதலை. அது கடற்கொள்ளைக்குக் காவல் போனவர்களின் கப்பல், தரகு விவகாரம் அல்ல, வேறு கணக்கு. ஆனாலும் துப்பாக்கிகள் கண் முன்னே அடுக்கியிருந்த வழக்கே இப்படி என்றால், வெறும் இ-மெயிலும் கமிஷனும் மட்டும் இருக்கும் வழக்கு எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் பிறகு திருந்தியது. ஈராக்குக்கு ஆயுதத் தொழிற்சாலை எந்திரங்கள் போன விவகாரத்தில் 1996ல் ஸ்காட் அறிக்கை வந்து மானம் போனதும், 2002ல் புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். தரகுக்கான விதிகள் 2004 மே மாதம் அமலுக்கு வந்தன. இப்போது அங்கே சரக்கு மூன்று வகை. சித்திரவதைக் கருவிகள், கொத்துக் குண்டுகள் போன்றவை முதல் வகை. துப்பாக்கி, தோளில் வைத்து விமானத்தைச் சுடும் ஏவுகணை முதலியவை இரண்டாம் வகை. இந்த இரண்டிலும் பிரிட்டிஷ் குடிமகன் உலகின் எந்த மூலையில் உட்கார்ந்து தரகு பேசினாலும் லைசென்ஸ் வேண்டும். மிச்சமுள்ள ராணுவச் சரக்குக்கு, பிரிட்டனுக்குள் இருந்து பேசினால் மட்டும். இது காகிதத்தோடு நிற்கவில்லை. 2012ல் யார்க் நகரத்து வியாபாரி ஒருவருக்கு ஏழு வருடம் கிடைத்தது. அவர் சீனாவிலிருந்து நைஜீரியாவுக்கு 80,000 துப்பாக்கிகளும் 3.2 கோடித் தோட்டாக்களும் போக ஏற்பாடு செய்தவர். ஒரு தோட்டாகூட பிரிட்டன் மண்ணைத் தொடவில்லை. பிளீச்சும் யார்க்‌ஷயர், இவரும் யார்க்‌ஷயர். நடுவில் வந்தது ஒரு சட்டம்தான்.

அண்ணாச்சியின் கேள்வி

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பருப்பு வியாபாரத்தில் ஊறிய ஓர் அண்ணாச்சி, விருதுநகர்ப் பக்கம், எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். மெர்ச்சன்டிங்கில் கரை கண்டவர். ஒரு நாள் புது புரோஃபார்மா இன்வாய்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கிழக்காசியாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்துக்கு. சரக்கு விவரத்தில் 'பாதுகாப்பு அங்கி' என்று போட்டு ஜவுளித் தலைப்பில் ஒரு கோடு எண். கூடவே, கழற்றி மாட்டும் தகடுகள்.

"இது என்ன தகடு அண்ணாச்சி?"

"குண்டு துளைக்காத சட்டைக்கு உள்ள வைக்கிறது சார். ரைஃபிள் குண்டே தாங்குமாம்."

நான் வெளிநாட்டு வணிகக் கொள்கையைத் திறந்தேன். 2023 ஏப்ரலில் வந்த கொள்கையில் மெர்ச்சன்டிங்குக்கு ஒரு பத்தி உண்டு. இந்தியத் துறைமுகத்தைத் தொடாமல் ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போகும் சரக்கை இந்தியர் நடுவில் நின்று வியாபாரம் செய்யலாம், ரிசர்வ் வங்கி விதிக்கு உட்பட்டு. சைட்டிஸ் பட்டியலிலும் ஸ்காமெட் பட்டியலிலும் உள்ளவை தவிர. சைட்டிஸ் என்பது அழிந்துவரும் உயிரினங்களுக்கானது. ஸ்காமெட் என்பது அணுப் பொருள், ரசாயனம், ஏவுகணைப் பாகம், ராணுவச் சரக்கு ஆகியவற்றின் பட்டியல். அதில் ஆறாம் வகை பல வருடம் வெறுமனே 'ஒதுக்கப்பட்டது' என்று காலியாகக் கிடந்தது. 2017ல் அதை ராணுவச் சரக்குப் பட்டியலாக நிரப்பினார்கள். ரைஃபிள் தோட்டாவைத் தாங்கும் கவசத் தகடு அதற்குள் வந்துவிடும். யானைத் தந்தத்தையும் துப்பாக்கியையும் ஒரே வரியில் கட்டிப்போட்ட அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்.

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. "துப்பாக்கியா விக்கப் போறேன், சட்டைதான சார். உயிரைக் காப்பாத்துற சாமான்" என்று சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை என்றதும் கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சரி சார். நான் வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். அந்த பேக்டரிக்காரரையும் இந்த பார்ட்டியையும் பேசிச் சேர்த்து வெச்சுடறேன். அவங்க நேரா எல்.சி. போட்டுக்கட்டும். எனக்கு பேக்டரி கமிஷன் மட்டும் அனுப்பட்டும். அதுக்கு உங்க ரூல்ல என்ன இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. மனிதர் சட்டத்தை ஏய்க்க நினைக்கவில்லை. பருப்பில் தினமும் செய்வதைத்தான் சொன்னார், சிறு வியாபாரி முதல் போட முடியாவிட்டால் கமிஷனுக்கு மாறுவது சந்தை வழக்கம். ஆனால் அந்தக் கேள்வியில் பிளீச், மினின் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மெர்ச்சன்டிங் என்றால் சரக்கு அவர் கணக்கில் வாங்கி விற்பது. அதற்கு இன்வாய்ஸ் வேண்டும், பில் ஆஃப் லேடிங் வேண்டும், என்ன சரக்கு என்று நான் பார்த்தாக வேண்டும். வெறும் கமிஷன் என்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வரும், வணிகச் சேவைக்கான கமிஷன் என்று ஒரு நோக்கக் குறியீடு போட்டு வரவு வைப்போம். என்ன சரக்குக்கான கமிஷன் என்பது ஒரு வரி கடிதத்தில் இருந்தால் உண்டு. பொறுப்பு அதிகமாக உள்ள வழிக்குக் கதவு போட்டிருக்கிறோம், பொறுப்பே இல்லாத வழி திறந்து கிடக்கிறது.

எங்கள் வங்கி அதைத் தொடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது வங்கி தன் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு, சட்டத்தின் கட்டளை என்று சொல்லி அவரை மிரட்ட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த ஆப்பிரிக்கப் பார்ட்டி வேறு நாட்டில் வேறு ஆளைப் பிடித்துவிட்டதாக அண்ணாச்சியே சொன்னார். அவர் மறுபடியும் துவரைக்கு வந்துவிட்டார்.

சட்டம் எங்கே நிற்கிறது

அதற்குப் பிறகு நான் தேடியதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு பிரிவு எண். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உற்பத்திக்கும் விற்பனைக்கும் இறக்குமதி ஏற்றுமதிக்கும் லைசென்ஸ் கேட்கிறது. 2019ல் திருத்தி, கள்ளத்தனமான ஆயுத வணிகத்துக்குக் குறைந்தது பத்து வருடம், ஆயுள் வரை என்று கடுமையாக்கினார்கள். நல்லது. ஆனால் அந்தக் குற்றத்தின் வரையறையைப் படித்தால், இந்திய எல்லைக்குள் வருவது, எல்லையை விட்டுப் போவது, எல்லைக்குள்ளேயே நகர்வது. எல்லையைத் தொடாத சரக்கு அங்கேயும் வெளியேதான் நிற்கிறது.

எழுதத் தெரியாமல் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பேரழிவு ஆயுதங்களுக்கென்று 2005ல் ஒரு சட்டம் போட்டோம். அது வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனையும் பிடிக்கும். அதன் 12ஆம் பிரிவு, இந்தியாவில் வசிக்கும் எவரும் தெரிந்தே, காசு வாங்கிக்கொண்டு, தடை செய்யப்பட்ட பரிவர்த்தனைக்குத் துணைபோகக் கூடாது என்கிறது. விவரம் தெரியாமல் சரக்கைச் சுமந்த லாரிக்காரருக்கும் பணம் அனுப்பிய வங்கிக்கும் விலக்கு கொடுக்கிறது. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! அண்ணாச்சியின் கேள்விக்கு நேர் பதில். என்ன, அது அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களுக்கானது. உலகில் நாள்தோறும் ஆளைக் கொல்வது ரைஃபிளும் தோட்டாவும். அவற்றுக்காக, தரகரை நேருக்கு நேர் பார்த்து, பெயரைப் பதிவு செய், ஒவ்வொரு பேரத்துக்கும் அனுமதி வாங்கு என்று சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

ஐ.நா. ஆயுத வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் எழுதியிருப்போமோ என்றால், எனக்குச் சந்தேகம். 2013 ஏப்ரல் 2 அன்று 154 நாடுகள் ஆதரித்து வாக்களித்தபோது இந்தியா ஒதுங்கிக்கொண்டது. தீவிரவாதிகள் கைக்கு ஆயுதம் போவதைத் தடுப்பதில் வாசகம் பலவீனமாக இருக்கிறது, விற்கும் நாடுகளுக்கே சாதகம் என்று நாம் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. தரகைப் பற்றிய அதன் 10ஆம் பிரிவு இரண்டே வாக்கியம். உன் நாட்டில் நடக்கும் தரகை உன் சட்டப்படி ஒழுங்குபடுத்து என்கிறது முதல் வாக்கியம். பதிவு அல்லது முன் அனுமதி கேட்கலாம் என்கிறது இரண்டாவது. 'கேட்க வேண்டும்' என்றுகூட இல்லை. ஆனால் 2017 டிசம்பரில் நாம் வாசனார் அமைப்பில், அதாவது ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் குழுவில், சேர்ந்தோம், பெருமையோடு. அந்த அமைப்பு தரகுச் சட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2003லேயே உறுப்பினர்களோடு ஒத்துக்கொண்டு ஓர் ஆவணம் வைத்திருக்கிறது. ராணுவச் சரக்குப் பட்டியலை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம், இதை எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அமெரிக்க வழி. 1996ல் அவர்கள் கொண்டுவந்த திருத்தப்படி தரகர் முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதன் பிறகுதான் அனுமதி பற்றிய பேச்சே. பிரிட்டனில் பதிவேடு கிடையாது, லைசென்ஸ் மட்டும். பதிவேடு இல்லாத இடத்தில் யார் தரகர் என்பது அவர் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவரும். அமெரிக்கா தன் நண்பர்களுக்கு எப்படி வளைந்துகொடுக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல, அதற்காக ஏட்டில் உள்ள நல்லதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இல்லையே.

இது டெல்லிக் கவலை, நமக்கென்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25ல் 23,622 கோடி ரூபாய். திருச்சித் தொழிற்சாலையில் துப்பாக்கி செய்கிறார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019லேயே தொடங்கியாயிற்று. பம்ப்செட் பாகம் கடைந்த கோவைப் பட்டறைகள் இன்று துப்பாக்கிப் பாகம் கடையலாம். அப்படிக் கடைந்து ஒரு சின்ன உதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப, முதலாளி பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம் விண்ணப்பம் போட்டு, வாங்குபவரிடம் எண்ட் யூசர் சர்ட்டிபிகேட் வாங்கி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரிதான், காத்திருக்கட்டும். அதே பட்டறையில் ஏற்றுமதியைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் நாலு வருடத்தில் எல்லா நாட்டுப் பார்ட்டிகளையும் பழகிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தால்? கிழக்கு ஐரோப்பாவில் ஒருவர், ஆப்பிரிக்காவில் ஒருவர், நடுவில் வாட்ஸ்அப். அவர் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் தனிச் சட்டம் இல்லை.

ஒரே ஒரு சட்டத்துக்கு மட்டும் அவரைத் துல்லியமாகத் தெரியும். 2017ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தில் இடைத்தரகருக்கு வரையறை இருக்கிறது. தரகரோ ஏஜென்ட்டோ, எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, இரண்டு பேருக்கு நடுவே சரக்கோ சேவையோ கைமாற ஏற்பாடு செய்பவர், தன் கணக்கில் விற்பவர் அல்ல. வரி என்று வந்ததும் எப்படி எழுதிவிட்டார்கள் பாருங்கள். துப்பாக்கிக் கமிஷன் வந்து விழுந்த பிறகு அந்த மேனேஜர் தன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதுக்கு 18 சதவீதம் கட்டணுமா சார்?